வாத்துகள் வரிசையாக வெளியேறின

மதிய உணவுக்குப் பிறகு சாய்வு நாற்காலியில் அமர்ந்து, எந்தப் புத்தகமானாலும் அதன் கடைசி அத்தியாயத்தை முதலில் வாசிப்பது என் வழக்கம். முடிவு நன்றாக இருந்தால் முதல் பக்கத்துக்குப் போவேன். இல்லையென்றால் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சற்று நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பணிக்காலம் முழுவதும் பிள்ளைகளுக்கு நரிக்கதையும் ஆமைக்கதையும் சொல்லிக்கொடுத்தவனுக்கு வேறு விதமாக வாசிக்க வராது. நூலகக் குழுவினராகிய நீங்கள் பொறுமையாகக் கேட்பதால், நடந்ததை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

பணி ஓய்வுக்குப் பின், நம் நூலகத்தில் நைந்த புத்தகங்களைத் தைத்து ஒட்டிக்கொடுக்கும் வேலையை நானாகவே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஊசி, நூல், பசை, பிளேடு எல்லாம் என் சொந்தப் பொருள்கள். அப்படித்தான் சினிமா அலமாரி என் கைக்கு வந்தது. திரைப்படத்தின் சரித்திரமும் இயக்குநர்களின் வாழ்க்கை வரலாறுகளும் நிறைந்த அலமாரி அது. அவற்றைப் படித்து நான் அடைந்த வேதனை கொஞ்சமல்ல. முதல் அத்தியாயங்களில் சிங்கமாக உலவியவர்கள், கடைசி அத்தியாயத்தில் மழையில் நனைந்த பூனைகளாக நின்றார்கள். ஒருவர் சூரிய உதயம் மனத்துக்கு ஒப்பவில்லை என்று படக்குழுவை மலையுச்சியிலேயே உட்கார வைத்திருந்தார். தயாரிப்பாளர் கேமராவையும் சமையற்காரரையும் கீழே வரவழைத்துக்கொண்டார். பேசாப்படங்களின் பேரரசராக இருந்த இன்னொருவர், நடிகர்கள் பேசத் தொடங்கியதும் தாம் வாயடைத்துப் போனார்.

இப்படி முடிந்தால் வாசிப்பவர் என்ன நீதியைப் பெறுவார்?

ஆகவே, முதலில் ஒரே ஓர் அத்தியாயத்தை மட்டும் எடுத்தேன். அட்டை தளர்ந்திருந்தது, பிளேடும் கையிலேயே இருந்தது. எடுத்த இடத்தை வெறுமையாக விடுவது முறையல்ல என்பதால், நானே ஓர் அத்தியாயம் எழுதி, கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடையில் அதே எழுத்தளவில் அச்சிட்டுச் சேர்த்துத் தைத்தேன். தையல் அழகாக அமைந்தது. அந்த உற்சாகத்தில் அடுத்த புத்தகத்தை எடுத்தேன்.

அச்சுக்கடைக்காரர் மட்டும் ஒருநாள் தாள்களைப் புரட்டியபடி கேட்டார்.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. இவரும் கடைசியில பள்ளிக்கூடம் கட்டுறாரா?”

“கட்டுறாரு.”

“போன வாரம் வந்தவரும் கட்டினாரே. அதுக்கு முந்தினவரும் கட்டினாரு. இத்தனை பேரு கட்டிட்டுப் போயிருக்காங்க, நான் மட்டும் எப்படி சார் படிக்காம போனேன்?”

“நல்லவங்க கட்டுவாங்கப்பா. நீ வேலையைப் பாரு.”

அலமாரியில் எத்தனை புத்தகங்களை அறுத்தேன் என்று நூலகர் அம்மா கேட்டார். அறுக்காதது எது என்று கேட்டிருந்தால் விடை எளிதாக இருந்திருக்கும். அப்படி ஒன்றுகூட இல்லை.

இனி என் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பல் மருத்துவர், தங்கமான மனிதர். விடுமுறை நாள்களில் தம் மருத்துவமனையிலேயே குறும்படம் எடுப்பார். நோயாளி வேடத்துக்கு அந்தக் கட்டடத்தின் உரிமையாளர் தாமே முன்வந்தார். சிறுவயதிலிருந்தே தமக்கு நடிகர் முகம் என்று அவருக்கு ஓர் எண்ணம். ஆனால் கேமரா ஓடத் தொடங்கியதும் அந்த முகம் மரப்பலகையாகிவிடும்.

மாப்பிள்ளை என்னிடம் யோசனை கேட்டார். நான் நூலகத்துக்குப் போய்ப் படிக்கச் சொன்னேன். மறுவாரம் கண்கள் மின்ன வந்தார்.

“மாமா, கண்டுபிடிச்சிட்டேன். கறுப்பு வெள்ளைக் காலத்துல ஒரு டைரக்டர், நடிகருங்க முகத்துல நிஜமான திகைப்பு வரணும்னு விருந்துக் காட்சிக்குள்ள சொல்லாம கொள்ளாம வாத்துக் கூட்டத்தைத் திறந்து விட்டிருக்காரு.”

“அப்புறம்?”

“ஷாட் பிரமாதமா வந்துச்சாம். வாத்தெல்லாம் ஒண்ணு பின்னாடி ஒண்ணா வரிசையா வெளியே போயிடுச்சாம். அந்த ஒழுக்கத்தைப் பார்த்து மனசு நெகிழ்ந்து, அவரு ஒரு பள்ளிக்கூடமே கட்டினாராம்.”

அந்த வரியை நான் நன்கு அறிவேன். உண்மையான அத்தியாயத்தில் வாத்துகள் மேசையைக் கவிழ்த்து, கதாநாயகனின் தலைமுடியைப் பிய்த்தன; அது ஒட்டுமுடி என்பது ஊருக்கே தெரிந்தது; படம் நின்றது. அப்போதே மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு நூலாசிரியரைப் பொய்யர் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அந்த ஆசிரியர் நான்தான் என்பதும் ஒரு காரணம்.

உரிமையாளர் பல்செட்டைக் கழற்றித் தட்டில் வைத்துவிட்டு, வாயைத் திறந்தபடி சாய்ந்திருந்தார். கதவு திறந்தது. அவர் முகத்தில் திகைப்பு மிகச் சிறப்பாக வந்தது, அதில் குறையில்லை. வாத்துகள்தாம் வரிசையில் நிற்கவில்லை. ஒன்று அவர் மடியில் ஏறிற்று. ஒன்று கண்ணாடி அலமாரியைச் சாய்த்தது. இன்னொன்று பல்செட்டைக் கவ்விக்கொண்டு மருந்துக்கடை வரை ஓடிற்று. பறவைக்குப் பல் வாய்ப்பது கதைகளிலேயே அரிது.

மாத முடிவுக்குள் இடத்தைக் காலி செய்யும்படி உரிமையாளர் சொல்லிவிட்டார். மகள் அழுதபடி கருவிகளைப் பெட்டியில் அடுக்கினாள்.

“இந்த இடத்தைப் பிடிக்க எவ்வளவு அலைஞ்சோம்பா. இனி யாரு இடம் கொடுப்பா? வாத்து டாக்டர்னு தெருவே சிரிக்குது.”

மாப்பிள்ளை என்னைத்தான் தேற்றினார். “விடுங்க மாமா. புத்தகத்துல தப்பா போட மாட்டாங்க. நான்தான் வாத்தைச் சரியாப் பழக்கலை.”



வெட்டிய அத்தியாயங்களை நான் எறியவில்லை. ஒரு பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தேன். வாத்து அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு உரிமையாளர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அத்தியாயத்தைக் கடைசி வரி வரை படித்தார்.

“அப்ப, என் பல்லை வாத்து தூக்கினதுக்கு நீங்கதான் காரணமா?”

“ஆமாங்க. மாப்பிள்ளை மேல தப்பில்லை.”

“சரி. டாக்டர் அங்கேயே இருக்கட்டும். ஆனா அந்த நாற்காலியில இந்தத் தடவை நீங்க படுக்கணும். வாத்தும் வரணும். நான் ஓரமா நின்னு பார்க்கணும்.”

படுத்தேன். வாத்துகள் வந்தன. அதைப் பற்றி விரிவாகச் சொல்வதற்கில்லை. மூக்கில் உள்ள பிளாஸ்திரியை நீங்களே பார்க்கிறீர்கள். உரிமையாளர் சிரித்த சிரிப்பில் புதுப் பல்செட் கழன்று விழுந்தது. மருத்துவமனை பழைய இடத்திலேயே நடக்கிறது. மாப்பிள்ளையிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர், “அப்ப அந்தப் பள்ளிக்கூடம்?” என்று மட்டும் கேட்டார்.

இதோ, சினிமா அலமாரி முழுவதையும் பழையபடி தைத்துக் கொண்டுவந்திருக்கிறேன். அவரவர் தோல்வி அவரவரிடம் சேர்ந்துவிட்டது. என் பள்ளிக்கூடங்கள் அனைத்தையும் இடித்துவிட்டேன். நீங்கள் பக்கம் பக்கமாகச் சரிபார்க்கலாம். சூரிய உதயத்துக்குக் காத்திருந்தவர் மட்டும் கடைசியில் வாடகை அறையில் யாருமின்றி இருந்ததாக எழுதியிருந்தது. அவருக்கு ஒரு நாய்க்குட்டி கொடுத்திருக்கிறேன். மிகவும் சிறியது, அரை வரிக்கு மேல் இடம் பிடிக்காது.