தும்மலைக்கூட வெட்டவில்லை

நல்ல பேனா கொடுத்திருக்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் அம்மா. இப்போதெல்லாம் யார் கையால் எழுதுகிறார்கள். இரண்டு தாளுக்குள் முடிக்கப் பார்க்கிறேன்.

விஷயம் என் மச்சினியிடமிருந்து தொடங்குகிறது. என் மனைவி இறந்து எட்டு மாதம் கழித்து, நனைந்த குடையோடு வந்து நின்றாள்.

"அக்காவோட பழைய கம்ப்யூட்டர் சும்மாதானே கெடக்கு? அதுல அவ குரல் இருக்கும் மாமா. எடுத்துக் குடுங்களேன்."

என் மனைவி பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்பவள். எல்லாம் அந்தக் கணினியில்தான். பாஸ்வேர்ட் எனக்கே தெரியாது என்றேன்.

"உங்களுக்கே தெரியாதா? பரவாயில்லையே, அக்கா கெட்டிக்காரிதான்."

இருவரும் சிரித்தோம். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "படிக்கிறப்ப நடுவுல தும்முவாளே, அதையெல்லாம் வெட்டிடாதீங்க மாமா. அப்படியே முழுசா வேணும்."

கணினிக் கடைக்காரர் தமாஷான மனிதர். பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஒரு பூட்டா சார்? வாசலுக்குப் பெரிய பூட்டு போட்டுட்டு, பின்னாடி சுவரே கட்டாத வீடு சார் இது," என்றார். நான்கு திருகாணிகளைக் கழற்றி, ஹார்ட் டிஸ்க்கை உருவி, தன் கணினியோடு இணைத்தார். இதைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை என்றது திரை. ஒரு பட்டனை அழுத்தினால் அனுமதியை நாமே எடுத்துக்கொள்ளலாமாம். அழுத்தினார். பச்சைக் கோடு நகர்ந்தது. டீ குடித்தோம். மொத்தம் நாற்பது நிமிட வேலை.

நானூற்றுச் சொச்சம் பதிவுகள். ரகசியம் என்று ஒன்றுமே இல்லை. பின்னங்கள், இலைகளின் வகைகள், எரிமலைகள்.

பிறகு ஏன் பூட்டினாள் என்று கேட்பீர்கள். ஒருமுறை அவள் சுமாராக வாசித்திருந்த முப்பது பதிவுகளை அழித்துவிட்டேன். அவள் நல்லதுக்குத்தான். அடுத்த வாரமே பாஸ்வேர்ட் வந்துவிட்டது. புருஷன் பெண்டாட்டிக்குள் பூட்டு எதற்கு என்பது என் கட்சி. குளியலறைத் தாழ்ப்பாளைக்கூட நானே கழற்றி வைத்திருந்தேன். அவளுடைய கணினி அறைக்கு மட்டும் வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் உண்டு.

கடைசிப் பதிவு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையுடையது. மின்சாரம் போனாலும் பதிவு அழியாதபடி அவளே ஏற்பாடு செய்திருந்தாள், எதிலும் கவனமானவள். எரிமலைப் பாடம் வாசிக்கிறாள். தும்முகிறாள். தாழ்ப்பாள் விழுகிறது. பிறகு என் குரல்: "பாஸ்வேர்டைச் சொல்லும்மா, திறக்கிறேன்." பதினொரு முறை கேட்டிருக்கிறேன். ஒரு முறைகூடக் குரல் உயரவில்லை.

"என்னங்க, மூச்சு வாங்குது. இன்ஹேலரக் குடுங்க."

அது என் சட்டைப் பையில் இருந்தது. அவள் ஃபோனும்தான். இரண்டையும் முன்பே எடுத்து வைத்திருந்தேன். முதலில் நடிக்கிறாள் என்று நினைத்தேன். அரை மணி நேரத்துக்குப் பிறகு அப்படி நினைக்கவில்லை. ஆனால் அப்போது போய்த் திறந்தால், அதுவரை பூட்டி வைத்ததற்கு அர்த்தமே இல்லாமல் போயிருக்கும். நாளிதழை எடுத்துக்கொண்டு கதவருகிலேயே உட்கார்ந்திருந்தேன். விட்டுவிட்டு எங்கும் போகவில்லை.

மருத்துவரிடம் ஆஸ்துமா என்று சொன்னேன். அதில் பொய் ஒன்றுமில்லை.

மச்சினி முழுசாகக் கேட்டாள், முழுசாகவே கொடுத்தேன். தும்மலைக்கூட வெட்டவில்லை. அக்காவும் தங்கையும் ஃபோனில் என்னைப் பற்றி என்னென்னவோ பேசியிருப்பார்கள். நான் எவ்வளவு நிதானமான ஆள் என்பதை அவள் காதாலேயே கேட்கட்டும் என்றிருந்தேன். அவள் நேரே உங்களிடம் ஓடி வந்துவிட்டாள். சின்ன வயதிலிருந்தே அவசரக்காரி.

ஆக, தாழ்ப்பாள் போட்டவன் நான். இன்ஹேலரை வைத்துக்கொண்டு கொடுக்காதவன் நான். அவள் சாவுக்குக் காரணம் நான். நான்கு திருகாணியில் முடிகிற வேலை என்று யாராவது அன்றே சொல்லியிருந்தால், இவ்வளவு தூரம் வந்திருக்காது.

இன்னும் ஒன்றே ஒன்று. அதை எழுதத்தான் பேனா கேட்டேன். வெளிச் சத்தம் பதிவாகாமலிருக்க அவள் எப்போதும் கதவிடுக்கில் துணியைத் திணித்து வைப்பாள். அதனால், குரல் கம்மிப்போன பிறகு அவள் சொன்னது அன்று எனக்குக் கேட்கவில்லை. பதிவில் தெளிவாக இருக்கிறது. முப்பத்தெட்டாவது நிமிடம், மைக்குக்கு மிக அருகில், அவள் பாஸ்வேர்டைச் சொல்கிறாள். ஒவ்வோர் எழுத்தாக, இரண்டு தடவை.

கேட்டதும் மனசு லேசாகிவிட்டது, அம்மா. கடைசியில் அவள் சம்மதித்துவிட்டாள். நாங்கள் சண்டையோடு பிரியவில்லை.