தேதி போடாத படிவம்

மேடையில் வீற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, எங்கள் கல்லூரி முதல்வர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மறைந்த பேராசிரியரின் கணவர் சவரிராயன் அவர்களே, கடலூரிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் வந்து, உட்கார இடமில்லாமல் வாசல்வரை நிற்கும் மாணவச் செல்வங்களே! பொது மருத்துவத் துறையின் வைத்திலிங்கம் உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

வாசல்வரை நிற்கிறீர்கள். இதைப் பார்த்தாலும் எனக்குப் பொறாமைதான். நான் போனால் எத்தனை பேர் வருவீர்கள்?

சிரிக்காதீர்கள். பேராசிரியர் டாக்டர் ஆரோக்கிய ராணி அவர்கள் என் உடன்பிறவாச் சகோதரி என்று சொல்லிவிட்டு நானும் இறங்கிவிடலாம். ஆனால் அது பொய். பன்னிரண்டு ஆண்டுகள் அவரைப் பார்த்து வயிறெரிந்தவன் நான்.

எதற்காக எரிந்தேன்? ஒரு ஃபெலோஷிப்புக்காக! வைத்தியம் தெரிந்த டாக்டர்களுக்கு, அதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று கற்றுத்தரும் இரண்டு வருடப் பயிற்சி. கல்லூரிக்கு ஒரே ஓர் இடம். நானும் விண்ணப்பித்தேன், அவரும் விண்ணப்பித்தார். நான் ஆறு வருடம் மூத்தவன். என் நோட்ஸை ஜெராக்ஸ் எடுக்காத மாணவன் அந்தக் கல்லூரியில் உண்டா? ஆனால் இடம் யாருக்குக் கிடைத்தது?

அந்தப் பயிற்சியில் ஒரு விதி. உடன் வேலை செய்யும் ஆசிரியர் ஒருவர் வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, குறைகளை ஒரு படிவத்தில் எழுதித் தர வேண்டும். எல்லோரும் வேண்டிய நண்பரை உட்காரவைத்து, ‘மிக நன்று’ என்று எழுதி வாங்கிக்கொள்வார்கள். இவர் நேராக என் அறைக்கு வந்தார்.

“சார், நீங்க வந்து பின்னாடி உக்காருங்க.”

“ஏம்மா, வேற ஆளே கெடைக்கலையா?”

“மத்தவங்க நல்லாருக்குன்னு எழுதிடுவாங்க சார். நீங்க எழுத மாட்டீங்க. உங்களுக்குத்தான் என்மேல கடுப்பு ஜாஸ்தி.”

போனேன். படிவத்தின் பின்பக்கமும் நிரம்ப எழுதினேன். நாற்பத்தைந்து நிமிடத்தில் அறுபத்தொரு ஸ்லைடு! இருதய ஒலிகளைப் பற்றிய பாடத்தைத் திரையைப் பார்த்தே நடத்துகிறார்! கடைசி வரிசை தூங்குகிறது! எழுதி முடித்தபோது மனதுக்கு எவ்வளவு இதமாக இருந்தது தெரியுமா?

அடுத்த வாரம் போனால் ஸ்லைடே இல்லை. என் பக்கத்து நாற்காலியில், அந்தக் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டு பாடத்தை ஆரம்பிக்கிறார். ஒருவர் நெஞ்சில் ஒருவர் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பிள்ளைகள் கேட்கிறார்கள். முடிந்ததும் கைத்தட்டல். குறை சொன்னது நான். கைத்தட்டல் அவருக்கு!

ஃபெலோஷிப் முடிந்தது. அவர் என்னை விடவில்லை. நானும் அவரை விடவில்லை. குறை எழுதும் சுகத்தை யார் விடுவார்? நான் எழுத எழுத அவர் வளர்ந்தார். புவனகிரியில் கிளினிக் வைத்திருக்கும் இளவரசு என் மாணவன். அவன் என் முகத்துக்கு நேரே சொல்கிறான், “ராணி மேடம் சொல்லிக்குடுத்த மாதிரியேதான் சார் பாக்கறேன்.” அன்று எனக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒவ்வொரு முறை படிவத்தை வாங்கும்போதும் அவர் கேட்பார். “சார், ஒரு நாள் உங்க கிளாஸ்ல நான் உக்காரட்டுமா?”

“அதுக்கென்னம்மா, பாக்கலாம்.”

பன்னிரண்டு வருடம் பார்க்கலாம் என்றேன். ஏன்? பயம் ஐயா, பயம்! இருபது வருடமாக அதே நோட்ஸ். என் கடைசி வரிசையும் தூங்குவது எனக்குத் தெரியாதா?

போன மாதம் மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது. சென்ற வாரம் சவரிராயன் அவர்கள் என்னிடம் ஒரு ஃபைலைக் கொடுத்தார். நான் எழுதிய நாற்பத்தாறு படிவங்கள். ஒவ்வொரு குறைக்கும் எதிரே சிவப்பு மையில் ‘திருத்தியாச்சு’ என்று இருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் குறை எதுவும் எழுதப்படாத படிவம் ஒன்று. வகுப்பு எடுப்பவர் என்ற இடத்தில் என் பெயர். பார்ப்பவர் என்ற இடத்தில் அவர் பெயர். தேதி மட்டும் போடவில்லை.

“கூப்புடுவாரு, கூப்புடுவாருன்னு சொல்லிக்கிட்டே இருந்தா சார்,” என்றார் சவரிராயன்.

ராணி அம்மையாரே! இப்போதும் எனக்குப் பொறாமைதான். குறை எழுத உங்களுக்கு நான் இருந்தேன். எனக்கு யார் இருக்கிறார்?

அவர் பணியைத் தொடர்வோம் என்று இங்கே எல்லோரும் உறுதி சொன்னார்கள். நானும் சொல்கிறேன். நாளை காலை எட்டு மணிக்கு மூன்றாமாண்டு வகுப்பு என்னுடையது. கடைசி வரிசையில் ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். நண்பர்கள் வர வேண்டாம். என்னைக் கண்டாலே எரிச்சல் வருகிறவர் இந்தக் கூட்டத்தில் யாராவது இருந்தால், தயவுசெய்து வாருங்கள். படிவம் இதோ, என் சட்டைப்பையில் இருக்கிறது. தேதியை நானே போட்டுவிட்டேன். பார்ப்பவர் என்ற இடத்தில் இருக்கும் பெயரை மட்டும் அடிக்காதீர்கள். உங்கள் பெயரை அதற்குக் கீழே எழுதிக்கொள்ளுங்கள்.