வெறும் ஓடு

நான் கையைச் சொறிந்துகொண்டே இருப்பதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் மாஜிஸ்திரேட் ஐயா. பயத்தினால் இல்லை. ஃபைபர் வேலை செய்கிறவன் கை இப்படித்தான் இருக்கும். கண்ணாடி நார் தோலுக்குள் போய்விட்டால் சோப்புக்கும் வராது, தேங்காய் எண்ணெய்க்கும் வராது. உட்காரச் சொன்னீர்கள், உட்கார்ந்துவிட்டேன். நடுவில் எழுந்து நாலடி நடந்தால் மன்னித்துவிடுங்கள். ஒரே இடத்தில் இருந்து எனக்குப் பழக்கமில்லை.

யாராவது அடித்தார்களா, மிரட்டினார்களா என்று கேட்டீர்கள். இல்லை. யாரும் என்னைத் தேடிக்கூட வரவில்லை. நானேதான் ஸ்டேஷனுக்குப் போனேன். ஏன் போனேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன், அப்போதுதான் உங்களுக்கு விளங்கும்.

பெயர் ரசூல். வீடு செஞ்சியில், கோட்டைக்குப் போகிற வழியில். பாண்டிச்சேரியில் ஒரு பட்டறையில் ஒன்பது வருஷம் ஃபைபர் தொட்டியும் படகும் செய்தேன். கன்னியப்பன் என் கூடப் படித்தவன். பம்புசெட் மெக்கானிக். பஹ்ரைனில் கடற்கரை ஓட்டல் ஒன்றில் இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு எண்பத்து நாலில் திரும்பினான். எல்லோரும் டேப் ரிக்கார்டர் கொண்டுவருவார்கள். அவன் ஒரு புத்தகத்திலிருந்து கிழித்த படத்தை நாலாக மடித்துக் கொண்டுவந்தான். தண்ணீர் மேல் ஒருவன் நின்றுகொண்டு போகிறான். காலுக்குக் கீழே ஏழரை அடியில் ஒரு வண்டி, கையில் ஒரு கம்பு, அவ்வளவுதான். அங்கே அந்த வண்டிகளுக்கு ரிப்பேர் பார்த்தவன் அவன்.

"பாய், இன்ஜினு என் பொறுப்பு. ஒடம்பு நீ செஞ்சி குடு. நம்ம ஏரில உட்டுப் பாக்கலாம்" என்றான்.

எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அதன் பிறகு ஒன்றரை வருஷம் சரியாக வரவில்லை.

ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இன்ஜினையும் கிணற்று மோட்டாரின் விசிறியையும் சேர்த்து அவன் தண்ணீரைப் பின்னால் பீய்ச்சுகிற பம்ப் செய்தான். கெட்டிக்காரன்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உடம்பு என் வேலை. பலகையை இழைத்து, மேலே பட்டி பார்த்து, வண்டிக்கு ஒரு மாதிரி வடிவம் செய்தேன். அதைப் பதினோரு தடவை தேய்த்தேன். அதன் மேல் அச்சு எடுத்தேன். அச்சுக்குள் மெழுகு தடவி, ரெசின் என்கிற பிசினைப் பூசி, கண்ணாடி நார்ப்பாயை ஒவ்வொன்றாக வைத்து, காற்றுக்குமிழி இல்லாமல் உருட்டினேன். மெழுகு எதற்கென்றால், மெழுகு இருக்கிற இடத்தில் ரெசின் ஒட்டாது. ஒட்டாமல் இருந்தால்தான் பொருள் அச்சிலிருந்து கழன்று வரும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் ஐயா.

முதலில் ஒரு தப்பு நடந்தது. வண்டி முழுகாமல் இருக்க உள்ளே தெர்மகோல் வைக்க வேண்டும். நான் ரெசினை நேராக அதன் மேல் ஊற்றிவிட்டேன். காலையில் பார்த்தால் மழையில் நனைந்த வெல்லம் மாதிரி கரைந்து கிடந்தது. கன்னியப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "இன்னா பாய், ஒம்பது வருசம் பாண்டில இதத்தான் கத்துக்கினியா?" என் வீட்டுக்காரி சாகிராவும் சேர்ந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு நாலு கட்டிகளைப் பாலிதீனில் சுற்றி வைத்தோம். கீழே ஒரு தொட்டி, மேலே ஒரு மூடி. இரண்டின் விளிம்பையும் ரெசின் போட்டு ஒட்டினால் வண்டி தயார்.

போன கார்த்திகையில் மழை பெய்து ஏரி நிரம்பியது. விட்டோம். கன்னியப்பன் மூன்று தடவை விழுந்தான், நாலாவது தடவை நின்றான். மதகிலிருந்து அந்தக் கரை வரைக்கும் போய்த் திரும்பினான். பெண்கள் துணி துவைப்பதை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். எனக்கு அழுகை வந்தது. வண்டி ஆடவில்லை, அசையவில்லை. மூக்கு லேசாகத் தூக்கிக்கொண்டு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. அந்த வளைவைப் பதினோரு தடவை தேய்த்தவன் நான்.

பேப்பரில் படம் போட்டார்கள். 'செஞ்சி மெக்கானிக் சாதனை.' கன்னியப்பன் நிருபரிடம் என் பெயரைச் சொன்னான், நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அவர்கள் போடவில்லை. 'நண்பர் ஒருவர் உதவினார்' என்று போட்டார்கள். அது அவன் குற்றமில்லை. நான் நிதானமாக யோசித்துத்தான் சொல்கிறேன்.

டீக்கடைக்காரர் பச்சமுத்து சொன்னார்: "இன்ஜின் தான பாய் எல்லாம். அச்சாணி இல்லாத தேரு முச்சாணும் ஓடாதுன்னு சும்மாவா சொன்னாங்க? நீ செஞ்சது வெறும் ஓடு தான?"

வெறும் ஓடு. அந்த மனிதர் கெட்டவர் இல்லை. அன்று டீயும் நன்றாகத்தான் இருந்தது. நான் எழுந்து கடைத்தெரு முழுக்க நடந்தேன், திரும்பி வந்தேன், மறுபடி நடந்தேன். ஊரில் எல்லோரும் 'கன்னியப்பன் வண்டி' என்றே சொன்னார்கள். சாகிராகூட ஒருநாள், "கன்னியப்பண்ணன் வண்டிய நனையாம மூடி வைங்க" என்றாள். என் வீட்டில், என் கொல்லையில், என் கையால் செய்தது.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு ஆத்திரம் வரவில்லை. புத்தி நன்றாகவே இருந்தது. ஓடு என்றால் என்ன என்று இந்த ஊருக்கு யாராவது காட்ட வேண்டும் என்று தோன்றியது. சொன்னால் புரியாது. ஓடு இல்லாவிட்டால் இன்ஜின் எவ்வளவு தூரம் போகிறது என்று கண்ணால் பார்த்தால்தான் புரியும்.

மார்கழியில் பம்பில் கோளாறு. மூடியை அறுத்துத் திறந்தோம். அவன் சரிசெய்துவிட்டு, அனந்தபுரத்தில் யாருக்கோ மோட்டார் இறக்க வேண்டும் என்று கிளம்பினான். "நீ ஒட்டி வையி பாய். காணும் பொங்கலுக்கு உடலாம். ஊரே ஏரிக்கரைக்கு வரும்" என்றான். சைக்கிளில் ஏறிப் போனவன் திரும்பி வந்து, என் கைக்குத் தடவச் சொல்லி அவன் பெண்டாட்டி மீனம்பாள் காய்ச்சிய வேப்பெண்ணெயைக் கொடுத்துவிட்டுப் போனான்.

எண்ணெயைத் தடவிக்கொண்டேன். பிறகு தொட்டியின் விளிம்பிலும் மூடியின் விளிம்பிலும் மெழுகு தடவினேன். மூன்று பூச்சு. ஒவ்வொன்றையும் காயவிட்டுத் துணியால் துடைத்தேன். அதன் மேல் ரெசின் போட்டு மூடினேன். பார்வைக்கு ஒரு குறை சொல்ல முடியாது. தேய்த்துப் பெயிண்ட் அடித்தேன். என் வேலையில் அவ்வளவு சுத்தமான ஒட்டு அதற்கு முன் வந்ததில்லை.

நான் நினைத்தது இவ்வளவுதான். கொஞ்ச தூரம் போவான், தண்ணீர் புகும், வண்டி நிற்கும், ஜனங்கள் சிரிப்பார்கள். பிறகு என்னிடம் வருவார்கள்.

காணும் பொங்கல் அன்று கரை முழுக்கக் கூட்டம். கரும்பு, பலூன், கட்டுச்சோறு. மீனம்பாள் ஐந்து மாத வயிற்றோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வண்டியைத் தண்ணீரில் இறக்கியதும் கன்னியப்பன் என் தோளில் கை போட்டான்.

"இன்னிக்கு நீ ஏறு பாய். ஒன்னிய ஊரே பாக்கட்டும்."

ஐயா, இரண்டு மாதமாக நான் எதிர்பார்த்துக் கிடந்த வார்த்தை அது. அதை அவன் அன்றைக்குச் சொன்னான்.

"எனக்கு நீச்சல் தெரியாது, நீயே போ" என்றேன்.

"எனக்கு மட்டும் தெரியுமா? அதான் தெர்மகோல் கீதே" என்று சிரித்தான்.

விழுந்தால் வண்டி தனியே போய்விடக்கூடாது என்று கம்புக்கும் அவன் மணிக்கட்டுக்கும் ஒரு நைலான் கயிறு கட்டுவது வழக்கம். தன் கையில் தானே முடிச்சுப் போட வராது. அதனால் எப்போதும் நான்தான் கட்டுவேன், நுனியை இழுத்தால் அவிழ்கிற சுருக்கு. அன்றும் கட்டினேன். அன்று கூட்டமாக இருந்தது, கை வேறு அரித்தது, இரண்டு முடிச்சு கூடுதலாக விழுந்துவிட்டது.

மதகுப் பக்கம் இரண்டு ஆள் ஆழம். அங்கே திரும்பும்போது ஒட்டு விட்டது. மூடி பெட்டி திறப்பது போலத் திறந்தது. இன்ஜின் கனம் ஐயா, முழுக நிமிஷம்கூட ஆகவில்லை. முதலில் ஜனங்கள் சிரித்தார்கள். அதை நான் சரியாகத்தான் கணித்திருந்தேன்.

டிராக்டர் கட்டி இழுத்தார்கள். வண்டியும் அவனும் ஒன்றாகவே வந்தார்கள். மீனம்பாள் அவன் மேல் விழுந்தாள். நான் ஓடிப்போய்த் தொட்டியை அடியிலிருந்து மூக்கு வரை தடவிப் பார்த்தேன். ஒரு விரிசல் இல்லை.

போலீஸ் வந்து விபத்து என்று எழுதிக்கொண்டார்கள். அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் ஊர் பேச ஆரம்பித்தது. "இன்ஜின் நல்லா தான் ஓடிச்சி. ஓடு தான் சரியில்ல. பாய் ஏனோதானோன்னு ஒட்டிட்டான்." பச்சமுத்து சொன்னார். மீன் வாங்கப் போன இடத்தில் தனகோட்டி என்ற பொம்பளை என் முகத்துக்கு நேரே சொன்னாள். பத்து நாள் பொறுத்தேன். நடந்து நடந்து செருப்பு தேய்ந்தது. பதினோராம் நாள் ஸ்டேஷனுக்குப் போய், அது ஏனோதானோ வேலை இல்லை, நான் வேண்டுமென்றே மெழுகு தடவினேன், என் ஒட்டு தானாக விடாது என்று சொன்னேன்.

இப்போது நீங்கள் தெர்மகோலைப் பற்றிக் கேட்கிறீர்கள். ஆமாம், அந்த நாலு கட்டியும் என் வீட்டுப் பரணில்தான் இருந்தன. மூடியை ஒட்டுவதற்கு முன்னால் எடுத்து வைத்தேன். வண்டியின் எடை குறையட்டும் என்றுதான். தெர்மகோலுக்கு என்ன எடை என்கிறீர்கள்.

கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள் ஐயா.

நான் அவனைக் கொல்ல நினைக்கவில்லை. எழுதியதை ஒருமுறை படித்துக் காட்டுங்கள். எல்லாம் சரியாக இருக்கிறது. மெழுகு, கட்டி, முடிச்சு எல்லாம் சரி. மேலே ஒரே ஒரு இடத்தில் மட்டும் 'கன்னியப்பன் செய்த வண்டி' என்று போட்டிருக்கிறீர்கள். அதைத் திருத்திக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.