போட்டுப் பாக்க ஒரு மோதிரம்

விமலாதேவி: இல்லைப் பிள்ளை, கண்ணாடிக்கு வெளியில நிண்டு பாத்ததே காணும். மழை விட்டோடன போயிடுவன்.

நிலுஷா: கோப்பன்ஹேகன் மழை அன்ரி, விடாது. கோட்டைக் கழட்டிப்போட்டு இருங்கோ. எத்தினை மாசத்துக்குப் பிறகு இந்த நகைக்கடைக்குள்ள ஒரு தமிழ் முகம்...

விமலாதேவி: தமிழெண்டு எப்பிடிக் கண்டனீர்?

நிலுஷா: பொட்டு! நீங்கள் என்னை?

விமலாதேவி: சட்டையில நிலுஷா எண்டு குத்தியிருக்கு. எவடம் பிள்ளை?

நிலுஷா: ஹேர்னிங். அப்பா அம்மா மட்டக்களப்பு.

விமலாதேவி: நான் விமலாதேவி. கோல்டிங். காலமை ரெயினில வந்தனான்.

நிலுஷா: இவ்வளவு தூரம் மோதிரம் பாக்கவோ? ஆருக்கு?

விமலாதேவி: மகன்... மகன் கட்டப்போற பிள்ளைக்கு. அவனுக்கு நேரமில்லை. அம்மா, நீங்களே பாத்துச் சொல்லுங்கோ எண்டவன்.

நிலுஷா: குடுத்து வைச்ச மருமகள்! என்ர ஆள் மோதிரம் எண்டு வாயே திறக்கிறானில்லை.

விமலாதேவி: நீர் கேளுமன்.

நிலுஷா: கேட்டு வாங்கினா அது மோதிரமோ? சரி, அதை விடுங்கோ. இது கார்ட்டியே. ஒற்றைக் கல்லு.

விமலாதேவி: அந்தப் பேர் எனக்கே தெரியும்.

நிலுஷா: இது பூஷெரோன். நாலு வளையத்தை அடுக்கினமாதிரி, பாத்தீங்களோ? எல்லாம் பாரிஸ் நகைக் கொம்பனியள்தான்.

விமலாதேவி: இதில்லை... முன்னுக்குக் கூரா வரும். முடி மாதிரி.

நிலுஷா: மகுடமோ? அப்ப அது சோமே! ஜோசபின் எண்டு பேர். நெப்போலியன்ர மனிசி.

விமலாதேவி: அவளை அவன் விட்டிட்டானெல்லோ?

நிலுஷா: ஐயோ அன்ரி, மோதிரம் விக்கிற இடத்தில அதைக் கதைக்கக்கூடாது.

விமலாதேவி: உள்ளதுதானே. பிள்ளை இல்லையெண்டு விட்டவன். விட்டவளின்ர பேரிலயே மோதிரம் செய்து விக்கிறாங்கள்... நல்ல சனம்.

நிலுஷா: நீங்கள் வியாபாரத்தைக் கெடுக்கத்தான் வந்திருக்கிறீங்கள். இந்தாங்கோ, இதுதான்.

விமலாதேவி: ...போட்டுப் பாக்கலாமோ?

நிலுஷா: ஏன் ஏலாது? கையைத் தாங்கோ.

விமலாதேவி: விரல் மொளி தடுக்குது.

நிலுஷா: மெதுவா... மெதுவா... உள்ள போயிட்டுது பாத்தீங்களோ!

விமலாதேவி: வேலையில வயசான ஆக்களைக் குளிப்பாட்டிக் குளிப்பாட்டியே வெடிச்ச கை. இதுக்கு எங்க பொருந்தப்போகுது.

நிலுஷா: ஆர் சொன்னது? வெளிச்சத்துக்குப் பிடியுங்கோ.

விமலாதேவி: ...அவளுக்கும் இப்பிடித்தான் மினுங்கும், என்ன?

நிலுஷா: மருமகளின்ர விரல் மெல்லிசோ?

விமலாதேவி: போனில ஒரு படம் கிடக்கு. இந்தா.

நிலுஷா: உங்கட பெருவிரல் பாதியை மறைக்குது.

விமலாதேவி: கை தெரிஞ்சாக் காணும்தானே.

நிலுஷா: பெரிசாக்கிப் பாக்கோணும், தாங்கோ... அன்ரி, இந்தக் கையில மோதிரம் கிடக்கு. இதே மோதிரம்.

விமலாதேவி: போனைத் தாரும் பிள்ளை.

நிலுஷா: பொறுங்கோ... ஆ! பக்கத்தில நிக்கிற இவரை எனக்குத் தெரியும்! கஜதீபன்! நான்தான் எடுத்துக் குடுத்தனான். நான் தமிழெண்டு தெரிஞ்சோடன எவ்வளவு நேரம் கதைச்சுக்கொண்டு நிண்டவர்...

விமலாதேவி: தமிழிலயோ?

நிலுஷா: தமிழிலதான். இவர் உங்களுக்கு...

விமலாதேவி: மகன்.

நிலுஷா: மகனோ?

விமலாதேவி: ஏன் பிள்ளை, முகம் ஒரு மாதிரிப் போச்சு?

நிலுஷா: ஒண்டுமில்லை... நீங்கள் அவற்ர சொந்த அம்மாவோ?

விமலாதேவி: பெத்தனான்.

நிலுஷா: அவர்தான் மோதிரம் எடுத்திட்டாரே அன்ரி...

விமலாதேவி: பொய் சொன்னனான் பிள்ளை. அவன் என்னை அனுப்பேல்லை. என்னோட வேலை செய்யிற மேரிகிறேஸ்தான் இந்தப் படத்தைக் காட்டினவ, கீழ இந்தக் கடைப் பேரும் கிடந்துது. ‘மகன் மோதிரம் போட்டிட்டான், நீங்கள் சொல்லவேயில்லை’ எண்டா. நானும் சிரிச்சுக்கொண்டு, ஓம் ஓம், சொல்லத்தான் இருந்தனான் எண்டன்.

நிலுஷா: உங்களோட கதைக்கிறேல்லையோ?

விமலாதேவி: அவன்ர தேப்பன் அடிக்கிற மனிசன். ஒருநாள் ஏலாமல் பையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டிட்டன். வா எண்டு கூப்பிட்டனான். பெடியன் தேப்பனோடயே நிண்டிட்டான். குடும்பத்தை உடைச்சவள் நானாம்.

நிலுஷா: இப்ப அவற்ர அப்பா...

விமலாதேவி: செத்திட்டார். மகன்ர கோவம்தான் சாகேல்லை.

நிலுஷா: அன்ரி, ஒரு தேத்தண்ணி போடட்டோ?

விமலாதேவி: வேண்டாம். மோதிரத்தைப் பாக்கோணும் போல கிடந்துது, பாத்திட்டன். அவன் என்னத்தை நல்லதெண்டு எடுத்திருக்கிறான் எண்டு... பிள்ளை, கன நேரம் கதைச்சவன் எண்டீரே. என்னைப் பற்றி ஏதும்...

நிலுஷா: ...கதைச்சவர்.

விமலாதேவி: என்னவாம்?

நிலுஷா: அம்மா... அம்மா நல்லாக் கூழ் காய்ச்சுவா எண்டு.

விமலாதேவி: அப்பிடியோ?

நிலுஷா: ஓம். நண்டு, றால் எல்லாம் போட்டு... சொல்லேக்கையே அவருக்கு வாயூறிச்சுது.

விமலாதேவி: அவனுக்கு நண்டு ஒத்துக்கொள்ளாது பிள்ளை. உடம்பெல்லாம் தடிக்கும்.

நிலுஷா: அன்ரி, நான்...

விமலாதேவி: நீர் நல்ல பிள்ளை. அவன் உம்மட்டச் சொன்னதைத்தான் அங்கையும் சொல்லி வைச்சிருக்கிறான்.

நிலுஷா: அங்கையோ? ஆரிட்ட?

விமலாதேவி: கட்டப்போறவளிட்டத்தான். போன கிழமை வாழ்த்துச் சொல்லுவம் எண்டு அவன்ர நம்பருக்கு எடுத்தனான். அவள்தான் எடுத்தாள். டெனிஸ் பிள்ளை, நல்ல மெல்லிய குரல். கஜன்ர அம்மா கதைக்கிறன் எண்டன். பாவம், பயந்துபோச்சு. ‘அவற்ர அம்மா எப்பவோ செத்திட்டாவே... ஆர் நீங்கள்?’ எண்டு கேட்டுது.

நிலுஷா: கடவுளே... எனக்கும் அப்பிடித்தான் சொன்னவர் அன்ரி. அதுதான் நான்... நீங்கள் என்ன சொன்னீங்கள்?

விமலாதேவி: கலியாணம் செய்யப்போற பிள்ளையெல்லோ, என்னத்தைச் சொல்லுறது? குறை நினைக்காதை மோனை, நம்பர் மாறிப்போச்சு எண்டு சொல்லிப் போனை வைச்சிட்டன்.