எங்கூர்ல எல்லாருக்கும் நெஞ்சுதான்

செருப்ப மாட்டாதீக டாக்டரய்யா, உக்காருங்க. இந்த வெயில்ல மேலத்தெருவுக்கு எதுக்கு? நெஞ்சுவலிக் கணக்கெடுக்கத்தான மெட்ராசுல இருந்து வந்திருக்கீக? கிராம முன்சீப்பு நான் இருக்கேன், சாவுப் பதிவும் எங்கிட்டதான் இருக்கு. வீடு வீடா ஏறி எறங்கவேண்டாம், எங்கிட்டயே கேளுங்க. கலரு சோடா குடிக்கீகளா?

ஆமா, நெசந்தான். சுத்துப்பட்டு ஊரெல்லாம் விட இங்கன நெஞ்சடைச்சுச் செத்தது சாஸ்திதான். அறுவதாம் வருசத்துக்கு அப்புறம் கூடியிருக்கா? இருக்கும். எளவட்டங்கதான், ஆமா. தீவாளிக்கு முந்தி மட்டும் ஏன் கூடுதுன்னா நான் என்னத்தச் சொல்ல? சீசன்யா. வெடிக் கம்பெனிக்காரன் ஆர்டர் ஆர்டர்னு நெருக்குவான், ராப்பகலா வேலை. ஒடம்பு தாங்குமா?

பீடியா? குடிப்பாக. நல்லா எழுதிக்கிடுங்க, பீடி.

அட, என்னய்யா போலீசு கணக்கா நோண்டுதீக! எந்த டாக்டர் பாத்துச் சொன்னாருன்னா? டாக்டருக்கு எங்க போக? வீட்டாளுக சொல்லுவாக, நான் எழுதுவேன். தீக்காயம்னு எழுதினா விருதுநகரு பெரியாசுபத்திரிக்குக் கொண்டு போயி அறுப்பாக. அறுத்த ஒடம்ப எங்க ஆளுக வாசப்படி ஏத்தமாட்டாக. தெருவோட தூக்கிரணும். பெத்தவ மடியில போட்டு அழக்கூட முடியாது. அதுக்குப் பயந்துக்கிட்டு அவுகளே நெஞ்சுவலின்னு சொல்லிருதாக. நானா சொல்லச் சொன்னேன்?

ஆமாய்யா, வெடிமருந்து கலக்குற கொட்டகை எந்தம்பியோடதுதான். லைசென்சு இல்லதான். அதுக்கென்ன இப்ப? ஊரே அதுலதான் கஞ்சி குடிக்குது. அவன் உள்ள போயிட்டா அம்புட்டுப் பேருக்கும் நீங்களா சோறு போடுவீக?

எந்திரிக்காதீகன்னு சொன்னேன்ல. வாசல்ல நிக்கது எங்க ஆளுகதான், ஒண்ணும் செய்யமாட்டாக. உக்காருங்க.

சரி, இவ்வளவு தூரம் வந்திருக்கீக, இன்னொரு தடவ எதுக்கு அலையணும்? இந்த மாசத்துக்கு ஒரு பேரு இருக்கு, எழுதிக்கிடுங்க. தங்கச்சாமி, மேலத்தெரு, வயசு இருவது, நெஞ்சுவலி. காலையிலயே அவுக ஆத்தா முத்துமாரியம்மா வந்து சொல்லிட்டா. பாவம், அந்த அழுக அழுதா. எனக்கும் ஒரு மாதிரியாத்தான் ஆயிப்போச்சு.

தேதியா? அத மட்டும் இப்பப் போடாதீக. இன்னும் மூச்சு ஓடிக்கிட்டுதான் இருக்கு.