அவிழ்த்துவிட்ட மாடுகள்

ஹலோ... நிவாரண ஆபீஸர் சார்தானே?... சார், எங்க மாடுங்களுக்கு வெள்ள நிவாரணம் கிடையாதுன்னு நேத்து எங்கப்பாகிட்ட வாயால சொன்னீங்கல்ல, அதை எழுத்துல குடுங்க.

...ஆமா, அவரோட பொண்ணுதான். எழுத்துல மட்டும் கேட்டுடாதே, ஆபீஸர் கோவிச்சுக்குவார்னு அப்பா படிச்சுப் படிச்சுச் சொன்னார். அதான் முதல்லயே கேட்டுட்டேன்.

...இல்ல சார், கத்தலை. என் குரலே இப்படித்தான். மாட்டுக் கொட்டகையில வளர்ந்த குரல்.

...ம்... ம்... சரி, எனக்கு வெளங்கற மாதிரி நானே ஒரு தடவை சொல்லிப் பாக்கறேன். கட்டின கயித்தோட செத்தா, அது இறந்த மாடு, பணம் உண்டு. தண்ணி ஏறுதேன்னு அவுத்துவிட்டா, அது காணாமப் போன மாடு, பணம் கிடையாது. அப்படித்தானே?... ஆமா ஆமா, விதி. ரொம்ப யோசிச்சுப் போட்டிருக்காங்க.

...எதிர்வீட்டு மாமாவுக்குக் குடுத்தீங்க, சரி. அவரைக் குத்தம் சொல்லலை. படுக்கையில கெடந்த மாமியாரைத் தூக்கிட்டு ஓடினார், மாட்டை அவுக்க நேரமில்ல. எங்கப்பாதான் கழுத்துவரைக்கும் தண்ணில நின்னு நாலையும் அவுத்தார். பெரிய தப்பு. அடுத்த வெள்ளத்துக்கு நல்லா முடிச்சுப் போட்டுட்டு வரச் சொல்றேன்.

...என்னது, எங்கயாவது மேய்ஞ்சுட்டு இருக்குமா? சார், பாலத்துக்குக் கீழ செத்து ஒதுங்கின மாட்டையெல்லாம் குழி தோண்டிப் புதைச்சதே உங்க ஆளுங்கதான். எங்க மாடு ஒவ்வொண்ணுக்கும் காதுல நம்பர் வில்லை இருந்துச்சு. அதைக் குத்திவிட்டதும் உங்க ஆளுங்கதான்... நாத்தம் தாங்காம நம்பரைப் பாக்கலையா? அடடா. பாவம்.

...ம்... இருங்க, இன்னொரு தடவை சொல்லுங்க... 'மாடு கட்டித்தான் இருந்துச்சு, விட்டுட்டு ஓடிட்டேன்'னு அப்பா கையெழுத்துப் போட்டா பணம் வந்துடுமா?... ஓ. இதை நேத்தே அவர்கிட்ட சொல்லிட்டீங்களா. அதான் மனுஷன் காலையிலேருந்து பேனாவைத் தேடிட்டு இருக்கார்.

...தாராள மனசு சார் உங்களுக்கு. அந்த மாடுங்க குடுத்த பால்லதான் நான் காலேஜ் முடிச்சேன். இந்தப் பணம் வந்தாத்தான் வீட்டுல இன்னொரு மாடு. அது தெரியாமப் பேசலை. ஆனா பண்ணாத பாவத்தைப் பண்ணினேன்னு எங்கப்பா எழுதித் தரணும், நீங்க அதுக்கு சீல் குத்தணும், அப்படித்தானே?

...ஒரு நிமிஷம்... அப்பா, அந்தப் பேனாவைக் கீழ வைங்க. வைங்கன்னா... உங்களை இல்ல சார்.

...மிரட்டலை சார். மிரட்டறவ செஞ்சு முடிச்சுட்டா சொல்லுவா? காலையிலயே உங்க மேலதிகாரிகிட்ட பேசிட்டேன். இன்னிக்கு சாயந்திரம் வரைக்கும் இருப்பாராம். உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வரச் சொன்னார். சொல்லியாச்சு.

...நான் மட்டும் எங்க? மாட்டை அவுத்துவிட்ட வீடெல்லாம் வருது. பால் வண்டியில. பால்தான் இல்லையே, வண்டி நிறைய எடம் இருக்கு.

...இப்ப எதுக்கு சார் திடீர்னு 'அம்மா'ங்கறீங்க? இவ்வளவு நேரம் 'ஏம்மா, ஏய்'னுதானே ஓடிச்சு... பேசித் தீர்த்துக்கலாமா? நீங்களே வீட்டுக்கு வர்றீங்களா? வாங்க, நல்லா வாங்க. பூட்டியிருக்கும்.

...சார், சரியா கேக்கலை. தெருவுக்கு வந்துட்டேன், வண்டி சத்தம்... அப்பா, சட்டையெல்லாம் மாத்த வேணாம், ஏறுங்க. ஏறுங்கப்பா. சார், வைக்கிறேன்.