செல்வி எந்த நாட்டுப் பிள்ளை

ஓடுகிறோம். தேயிலைச் செடி முழங்காலைக் கிழிக்கிறது. பின்னால் எங்கள் லயம் எரிகிறது. தோட்டக் கூலிகள் வரிசையாகக் குடியிருந்த அறைகள் அவை. தகரக் கூரை சூட்டில் வெடிக்கிறது. டம். டம். மகள் செல்வி என் சேலையைப் பிடித்தபடி வருகிறாள். பதினொரு வயது.

"பாலத்துப் பக்கம் போகாதீங்க! அங்கேயும் நிக்கிறானுங்க!"

கத்தியது என் வீட்டுக்காரர். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் சத்தம் போட்டது அன்றைக்குத்தான். மற்ற நாளெல்லாம் சத்தம் என்னுடையது.

இலங்கை மலைநாடு. 1977, ஆவணி. தமிழர்களைத் தேடித் தேடி வெட்டிய கலவரம். ஓடைக்குள் படுத்தோம். அட்டை கடித்தது. அது மட்டும்தான் எந்த நாடு என்று கேட்காமல் கடித்தது.

பாட்டன் காலத்தில் இந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு வந்த எங்களை, இந்தியா, இலங்கை இரண்டு சர்க்காரும் பங்கு போட்டுக்கொண்ட காலம். இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு. சந்தையில் ஆடு வாங்குகிறவன்கூடப் பல்லைப் பிடித்துப் பார்ப்பான். எங்களை அதுவும் பார்க்கவில்லை.

எனக்கும் அவருக்கும் இந்தியப் பாஸ்போர்ட் வந்திருந்தது. செல்விக்கு இல்லை. தலைப்பிள்ளையைத் தாய்வீட்டில் பெறுவது எங்கள் வழக்கம். அண்ணன் இருந்த தோட்டத்தில்தான் பெற்றேன். எந்த நாடு வேண்டும் என்று பெயர் எழுத ஆள் வந்தபோது, தொட்டிலில் கிடந்தவளையும் தன் குடும்பத்தோடு சேர்த்து எழுதிக்கொடுத்துவிட்டார் அண்ணன். வீட்டிலிருக்கும் பிள்ளை விடுபடக்கூடாது என்ற நல்ல மனசு. அவர் கேட்டது இலங்கை. நாங்கள் கேட்டது இந்தியா.

தலைமன்னார் துறை. இந்தியா போகிற கப்பல் ஊதுகிறது. நீளமாக.

"நீங்க ரெண்டு பேரும் ஏறுங்க! பிள்ளை ஏற முடியாது!" என்றார் பாஸ்போர்ட் பார்த்தவர்.

என் வீட்டுக்காரர் செல்வியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நீ போ. நான் இவளோட நிக்கிறேன். அங்கேருந்து சட்டம் பேசிக் கூப்பிடு. உனக்குத்தான் வாய் இருக்கே."

ஏறினேன்.

திருப்பூர். பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிற வேலை. தீபாவளி. தெருவில் சரவெடி. மேசைக்கு அடியில் கிடக்கிறேன். முதலாளியம்மா பாவாயி அக்காவும் உள்ளே நுழைந்து பக்கத்தில் உட்காருகிறார். "எனக்குங்கூடப் பயந்தானுங்க" என்று பொய் சொல்கிறார்.

அவர்தான் வக்கீலிடம் கூட்டிப்போனார்.

"இது நம்ம கோர்ட்டுல தீராதுங்க. ரெண்டு சர்க்காரும் பேசோணும்," என்றார் வக்கீல்.

"பேசட்டும் ஐயா. நான் குறுக்கே பேச மாட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. "வெள்ளைக்கார நாடுக பலதும் சேந்து ஒரு கோர்ட்டு வெச்சிருக்கறாங்க. சொந்த நாடே தப்புப் பண்ணுனாலும், தனி ஆளு அங்க போயி முறையிட வழியிருக்குதுங்க."

"அங்கே போக இங்கேருந்து பஸ் இருக்கா?"

பாவாயி அக்கா என் தொடையைக் கிள்ளினார். வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். "நம்ம பக்கத்து நாடுகளுக்கு அப்பிடி ஒன்னு இல்லீங்க அம்மா."

மனு போட்டார். திரும்பத் திரும்பப் போட்டார். அது அந்த நாட்டுப் பிள்ளை என்றது டில்லி. இன்னும் முடிவாகவில்லை என்றது கொழும்பு.

1979, தை. கம்பெனி வாசலில் பெட்டியோடு என் வீட்டுக்காரர் நிற்கிறார். அங்கே தங்கும் தவணை முடிந்துவிட்டதாம். பிடித்துக் கப்பலேற்றிவிட்டார்கள். அவர் முதுகுக்குப் பின்னால் பார்த்தேன். வாசலில் நின்ற கம்பெனி வேனுக்குப் பின்னால் பார்த்தேன். ஒளிந்து விளையாடுகிறவள் அவள்.

"ஏய் கள்ளி, வெளியே வா."

அவர் தரையைப் பார்த்தார். "உன் அண்ணன் வீட்டுல விட்டுட்டு வந்தேன். கையை விட மாட்டேன்னா. போலீஸ்தான் பிரிச்சுச்சு."

கலவரத்தில் நாங்கள் இழந்ததைக் கணக்கெழுத ஒரு அதிகாரி வந்தார். சொன்னேன். எரிந்தது லயத்து அறை ஒன்று. கறவை ஆடு ஒன்று. வெட்டுப்பட்டுச் செத்தது பக்கத்து அறை மாடசாமிக் கிழவன். மகள் ஒன்று என்றேன். பேனா நின்றது. "அவ உசுரோட இருக்கறாளுங்களே? அதை எழுத முடியாதுங்க."

அவர் எழுதவில்லை. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். மகள் ஒன்று. பெயர் செல்வி. உயிரோடு இருக்கிறாள்.